மொட்டு உதிர்ந்த மூன்று மாசிகள்

உதிரப்போகிற மொட்டு முதல் நாளே சொல்லிவிடும். பச்சை வெளுத்து மஞ்சள் தட்டும். காம்போடு சேருகிற இடத்தில் ஒரு சுருக்கம் விழும். மறுநாள் காலையில் ஸ்டூலுக்குக் கீழே கிடக்கும். அதைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ள எனக்கு ஒரு நாளும் மனசு வந்ததில்லை. குனிந்து கையால்தான் பொறுக்குவேன். மூன்று வருஷத்தில் அப்படிப் பொறுக்கியது இருபத்தொரு மொட்டு. எண்ணிக்கை எனக்கு மறக்காது.

வீட்டில் ஆர்க்கிட் வளர்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு விஷயம் தெரியவரும், அவ்வளவுதான் இதனால் ஆகக்கூடிய நன்மை. எனக்கு அது தெரிந்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது. யார்மேலாவது பழி போட முடிந்தால் நன்றாக வைது தீர்த்திருப்பேன். எனக்கு வாய் ஜாஸ்தி என்று கள்ளக்குறிச்சியில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். சத்துணவு மையத்தில் இருபது வருஷம் அமைப்பாளராகக் குப்பை கொட்டியவளுக்கு வாய் இல்லாவிட்டால் பிழைப்பு நடக்காது. ஆனால் இந்த விஷயத்தில் வைவதற்கு ஆள் வேறு யாருமில்லை.

என் வீட்டுக்காரர் அரசு பஸ் டிரைவர். கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை போகிற வண்டியை வருஷக்கணக்கில் ஓட்டினார். கல்வராயன் மலை ஏற்றத்தில் எந்த வளைவில் ஹாரன் அடிக்கவேண்டும், எங்கே எதிர் வண்டிக்கு ஒதுங்கவேண்டும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். மழைக்காலம் போனபிறகு அந்த மலை மரங்களில் ஒருவகைச் செடி பூக்குமாம். மண்ணே வேண்டாமாம் அதற்கு, கிளையைப் பிடித்துக்கொண்டே வளருமாம். அதைப் பற்றி வீட்டுக்கு வந்து சொல்லுவார்.

"வளைவு திரும்பச்சொல்லோ ஒரு செகண்டு தெரியும், அப்பால காணாது. ஸ்டீரிங்க புடிச்சிக்கினு எங்க நின்னு பாக்கறது? பின்னால நாப்பது உசுரு உக்காந்துகினு கீது."

"அப்ப லீவு போட்டு பயணியா போய் பாருங்களேன்" என்பேன். சிரிப்பார். போகவில்லை. எங்கே ஓடிவிடப்போகிறது மலை என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

சர்க்கரை அவருக்கு நாற்பது வயசுக்கு முன்பே வந்துவிட்டது. மலைமேல் டீக்கடையில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, கீழே இறங்கியதும் ஒரு மாத்திரை, இதுதான் அவர் பார்த்த வைத்தியம். நான் கத்தாத கத்தலில்லை. இடது கண்ணில் கொசு பறக்கிறமாதிரி தெரிய ஆரம்பித்தபோது ஸ்டீரிங்கைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட. டிப்போவில் கண் பரிசோதனை வைத்த அன்று எல்லாம் வெளியே வந்தது. வண்டியிலிருந்து இறக்கி, உட்கார்ந்து எழுதுகிற வேலை கொடுத்தார்கள். எழுத்தும் தெரியவில்லை. கொஞ்ச நாளில் விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

பாண்டிச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் சின்னப் பெண், என் மகள் வயசுதான் இருக்கும். "இடது கண்ணு இனிமே வராதும்மா. வலது கண்ணுல இருக்கறதை முடிஞ்சவரைக்கும் காப்பாத்திப் பாக்கலாம். எவ்வளவு நாளைக்குன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க" என்றாள். அவர் கேட்கவில்லை. வாய் பெரிசாக இருக்கிற நானும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது உளுந்தூர்பேட்டையில் இறங்கி வேறு பஸ் மாறவேண்டியிருந்தது. ரோட்டோரம் ஒரு நர்சரி. பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசாமல் வந்த மனுஷன் அங்கே போய் நின்றார். பச்சை வலைக்குக் கீழே தொட்டி தொட்டியாக ஆர்க்கிட், அவர் மலையில் பார்த்த அந்தச் செடியின் இனம்தான். ஒன்று பூத்திருந்தது, வெள்ளை. வெள்ளைக்கு நடுவே தொண்டையில் மட்டும் ஊதா. அவர் வலது கண்ணை அதன் பக்கத்தில் கொண்டுபோய் அப்படியே நின்றுவிட்டார்.

"இதையே வாங்கிக்கலாங்க" என்றேன்.

"இது வேணாம். பூத்தத வாங்கி இன்னா பண்றது? அதே ஜாதில பூக்காதது ஒண்ணு குடுக்கச் சொல்லு. மொட்டு வர்றதுலேந்து பாக்கணும். வெடிக்கறத உக்காந்து பாக்கணும். எனக்கு இப்ப இன்னா வேலை?"

அன்றைக்கு என் பேச்சை அவர் கேட்டிருக்கலாம். எத்தனையோ விஷயத்தில் அடம் பிடித்துச் சாதித்த நானாவது அன்றைக்கு அடம் பிடித்திருக்கலாம். முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு வந்திருந்தது, அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். நாலு இலையோடு பூக்காத செடியைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தோம்.

முதல் தை மாதம், பனி கொட்டுகிற ஒரு காலையில் இலை இடுக்கிலிருந்து ஒரு பச்சை முனை எட்டிப் பார்த்தது. நான் வேர் என்றேன். அவர் குனிந்து, கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தார்.

"வேரு முனை வழவழன்னு உருண்டையா இருக்கும். இது பாரு, மூக்கு மாதிரி கூரா கீது. தண்டும்மே இது. பூத்தண்டு!"

கல்யாணமான புதிதில் மகள் உண்டானபோதுகூட அவர் குரலில் அப்படி ஒரு துள்ளலை நான் கேட்டதில்லை. மாசி பிறப்பதற்குள் தண்டு ஒரு முழம் வளர்ந்து, நுனியில் ஏழு மொட்டு வைத்தது. பட்டாணி அளவு. அவருக்குப் பார்க்க வெளிச்சம் வேண்டும் என்று காலையில் முன்னறையிலும், மதியம் பின்கட்டிலும், சாயங்காலம் வாசலிலுமாகத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். வெயில் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போவார்.

வாசலில் இருந்த ஒரு சாயங்காலம் எதிர் வீட்டுக்காரி வந்தாள். நல்லவள்தான். கண்ணில் பட்டதை வாயால் சொல்லாமல் இருக்கமாட்டாள், அது ஒன்றுதான்.

"யக்கா, இன்னாக்கா இது, கொத்தா மொட்டு வுட்டுக்கினு கீது! எங்க வூட்ல ரோஜாவுக்கே வழியக் காணம், உங்க வூட்ல பாரு!"

மறுநாள் நுனியிலிருந்த மொட்டு மஞ்சளானது. அடுத்த பத்து நாளில் ஏழும் போயின. தண்டு மட்டும் மொட்டையாக நின்று, நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தது.

அவர் நர்சரிக்காரருக்கு போன் போட்டார். நர்சரிக்காரர் கேட்ட முதல் கேள்வியே, "எடம் மாத்தினீங்களாண்ணா?" என்பதுதான். மொட்டு வந்த செடியை அசைக்கவே கூடாதாம். வெளிச்சம் ஒரே பக்கமிருந்து வரவேண்டுமாம். ஃபேன் காற்று நேராகப் படக்கூடாது. வேரில் தண்ணீர் நிற்கக்கூடாது, காயவும் கூடாது. ஏ.சி. கூடாது, அனல் கூடாது. எங்கள் ஊரில் மாசி முடியும்போதே அனல் அடிக்கும், அதை எங்கே போய்ச் சொல்ல? அவர் ஒவ்வொன்றையும் கேட்டு, என்னை ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். எழுதினேன். ஆனால் மனசுக்குள் எனக்குக் காரணம் தெரியும். எதிர் வீட்டுக்காரியின் கண். அவள் சொன்ன மறுநாள்தானே மஞ்சளானது! இதற்கு எதற்கு போன்?

"உன் வாய்க்கு பயந்துகினுதான் கொட்டுது" என்று அவர் கிண்டல் செய்தார். அப்போது அவருக்குக் கிண்டல் செய்யத் தெம்பிருந்தது.

அடுத்த வருஷம் இரண்டு தண்டு வந்தது. இடம் மாற்றக்கூடாது, கிழக்கு வெளிச்சம் வேண்டும், கண்டவர்கள் கண்ணில் படக்கூடாது. இந்த மூன்றுக்கும் பொருந்துகிற இடம் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான், பூஜை மாடத்துக்குப் பக்கத்து ஜன்னல். அந்த இடத்தைச் சொன்னவள் நான். "சாமி பக்கத்துல இருந்தா ஒண்ணும் ஆவாதுங்க" என்றேன். ஒரு ஸ்டூலைப் போட்டு, தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் தொட்டியை வைத்தார். பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி. அந்த அறையில் ஃபேன் போடக்கூடாது என்று சட்டம். மாசி வெக்கையில் வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருப்பார். பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தேன். அதை வைத்துக்கொண்டு இலைக்கு அடியில் மாவுப்பூச்சி தேடுவார், கிடைத்தால் பஞ்சால் துடைப்பார். பஸ் என்ஜினைப் பார்ப்பதுபோல அவ்வளவு சிரத்தையாகப் பார்ப்பார்.

நான் என் பங்குக்குச் சாம்பிராணி போட்டேன். செவ்வாய், வெள்ளி எப்போதும் போடுவதுதான். அந்த வருஷம் கண் திருஷ்டிக்காக வெண்கடுகும் சேர்த்தேன். தூபக்காலில் கங்கு எடுத்து, சாம்பிராணியும் வெண்கடுகும் தூவி, சாமிக்குக் காட்டிவிட்டு, செடிக்கு மூன்று சுற்று. மொட்டுக்கு நேரே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்பேன், புகை நன்றாக உள்ளே போகட்டும் என்று. பிறகு அவர் தலையைச் சுற்றி மூன்று சுற்று. புகை வெளியே போய்விட்டால் பலன் போய்விடும் என்று ஜன்னலைச் சாத்திவிடுவேன். ஃபேனும் கிடையாதா, அறை முழுக்க மூட்டமாக அப்படியே நிற்கும்.

"கண்ண கரிக்குதும்மே, கம்மியா போடேன்" என்பார்.

"கண்ணு நல்லாவட்டும்னுதாங்க போடறேன்."

சத்தியமாக அதற்காகத்தான் போட்டேன்.

முதல் தண்டில் ஒன்பது மொட்டு வைத்தது. இரண்டாவது தண்டு இன்னும் மொட்டு வைக்காமல் வளர்ந்துகொண்டிருந்தது. ஒன்பதில் நாலு போன அன்று, அவர் மற்றதைப் பார்க்கலாம் என்று நாற்காலியிலிருந்து குனிந்து கையை நீட்டினார். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தாள். எட்டத்தில் இருக்கிறது என்று நினைத்து நீட்டிய கை இரண்டாவது தண்டில் இடித்தது. பட்டென்று ஒரு சத்தம். வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்போமே, அந்தச் சத்தம்.

நான் சமையலறையிலிருந்து ஓடிவந்தேன். ஒடிந்த தண்டு அவர் கையில் இருந்தது.

"ஐயய்யோ! கண்ணு தெரியல உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன்.

பால் பொங்கினால், தண்ணீர் கொட்டினால், கால் தடுக்கினால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் வாயில் வருகிற வார்த்தை. முப்பது வருஷமாக அவரை ஆயிரம் தடவை அப்படிக் கேட்டிருப்பேன். அவர் தண்டைக் கீழே வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "தெரியலம்மே" என்றார். நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயிலேயே அடித்துக்கொண்டேன். அழுகிற சத்தம் அவருக்குக் கேட்கக்கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டேன்.

மிச்சம் ஐந்து மொட்டும் ஒரு வாரத்தில் உதிர்ந்தன. நர்சரிக்காரர் இந்தத் தடவை உரம் ஜாஸ்தியா என்று கேட்டார். உரமே போடவில்லை. அப்போது அதனால்தானோ என்னவோ என்றார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. புகை போடுவீர்களா என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. சாமிக்குக் காட்டுகிற சாம்பிராணியைச் செடி வைத்தியத்தில் யார் சேர்த்துச் சொல்வார்கள்?

மூன்றாவது தை வந்தபோது அவர் பார்வை கதவிடுக்கில் பார்க்கிற அளவுக்குச் சுருங்கியிருந்தது. பக்கத்தில் கொண்டுவந்தால் தெரியும், அதுவும் நடுவில் கொஞ்சம். வலது கண்ணுக்குள்ளும் ரத்தம் கசிந்திருக்கிறது என்று டாக்டர் ஊசி போட்டிருந்தாள். கண்ணுக்குள் போடுகிற ஊசி. அவர் ஊசியைப் பற்றிப் பேசமாட்டார். பஸ்ஸில் வரும்போது, "தண்டு வந்திருக்குமா?" என்றுதான் கேட்டார்.

வந்திருந்தது. ஒன்றே ஒன்று. ஆறு மொட்டு.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. மொட்டு இன்றைக்கு எந்த அளவு, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, நுனி வெளுக்கிறதா. இருக்கிற பார்வை தீருவதற்கு முன் பூ வரவேண்டும், அவ்வளவுதான் எங்களுக்கு இருந்த வேண்டுதல். "இந்த வாட்டி பாத்துடுவேன்" என்பார். "பாத்துடுவீங்க" என்பேன். கல்வராயன் மலையை, தன் மகளை, என்னை எல்லாம் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது என்பதுபோல, மிச்சக் கண்ணை அந்த ஒரு செடிக்கு ஒதுக்கி வைத்திருந்தார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

நான் சாம்பிராணியைத் தினமும் போட ஆரம்பித்தேன். காலையில் ஒன்று, விளக்கு வைக்கும்போது ஒன்று. செவ்வாய் வெள்ளி மட்டும் போட்டதால்தான் போன தடவை பலிக்கவில்லை என்று என் அறிவு சொன்னது.

ஆறில் மூன்று போயின. மூன்றாவது விழுந்த அன்று அவர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. ரேஷன் கடை வரிசையில் யாரோ முந்தினார்கள் என்று அங்கே போய் ஒரு சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் நாத்தனார் மகள் வளைகாப்புக்கு ஒரு வாழைத்தார் சொல்லிவைக்க மண்டிக்குப் போனேன். வாழைக்காய் மண்டி பாயை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். பேரம் பேசினால் சிரித்துக்கொண்டே நம் பேச்சுக்கு வந்துவிடுகிற மனுஷர். அன்று அவர் மூட்டம் போட்டுக்கொண்டிருந்தார். காய் பழுக்கவைக்கிற ரூம். தார்களை அடுக்கி, மண்சட்டியில் கங்கு வைத்து, தேங்காய் மட்டையைப் போட்டுப் புகையவிட்டு, கதவைச் சாத்தி இடுக்கில் ஈரச் சாக்கு அடைப்பார்கள். பார்த்த காட்சிதான்.

அந்தக் கதவோரம் நிழலாக இருக்கிறது என்று பூ விற்கிற அம்மா ஒருத்தி கூடையை இறக்கினாள். பாய் ஒரே சத்தம் போட்டார்.

"யம்மா, கூடைய தூக்கு, தூக்கு! அந்தாண்ட போய் வை! மூட்டத்துகிட்ட வெச்சா பூ பூரா சுருண்டு கொட்டிடும். அப்பால எங்கிட்ட வந்து அழுவாத!"

நான் பாய் பக்கம் திரும்பினேன்.

"இன்னா பாய் சொல்றீங்க? புகைக்கு பூ கொட்டுமா?"

"பின்ன? புகைல காஸ் கீதும்மா. காய அதுதான பழுக்கவைக்குது. காய்க்கு ஆவும், பூவுக்கு ஆவாது. காம்பு வுட்டுடும். எங்க வாப்பா காலத்துலேந்து இந்தக் கதவாண்ட பூவ வுடறதில்ல."

"மட்டைப் புகைதானே? சாம்பிராணிக்கு ஒண்ணும் ஆவாதே?"

"எந்தப் புகையா இருந்தா இன்னாம்மா? புகை புகைதான். கதவ சாத்தி வெச்சா ஜாஸ்தியா வேலை செய்யும், அவ்ளோதான். ஏம்மா, இன்னா ஆச்சி? உக்காருங்க. தண்ணி குடிங்க."

தண்ணீர் குடித்தேனா என்று நினைவில்லை. தார் சொல்லாமலே வந்துவிட்டேன். மண்டியிலிருந்து எங்கள் தெரு பத்து நிமிஷ நடை. அந்தப் பத்து நிமிஷத்தில் ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் என் கண்முன் வந்தது. தூபக்காலை மொட்டுக்கு நேரே பிடித்துக்கொண்டு நான் நின்றது. ஜன்னலைச் சாத்தியது. கரிக்கிறது என்று அவர் சொல்லச் சொல்லப் போட்டது. பாவி! எதிர் வீட்டுக்காரியை இரண்டு வருஷமாக மனசுக்குள் சபித்துக்கொண்டிருந்தேனே, அவள் என்ன செய்தாள்? அவள் கண்ணா கொட்டவைத்தது? என் கை.

முதல் வருஷத்து மொட்டுகள் இடம் மாற்றியதாலேயே போயிருக்கலாம். ஆனால் அந்த வருஷமும் வெள்ளிக்கிழமைகள் இருந்தன. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் நான்தான் வந்து நின்றேன்.

வீட்டுக்குப் போனதும் தூபக்காலைத் தூக்கிப் பின்கட்டில் பழைய சாமான்களோடு போட்டேன். எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விளக்கு வைக்கிற நேரம் ஆனது.

"இன்னிக்கி இன்னா, சாம்பிராணி போடலியா?"

"கரி தீந்து போச்சிங்க."

சொல்லியிருக்கவேண்டும். அன்றைக்கே சொல்லியிருந்தால் திட்டியிருப்பார், இல்லை சிரித்திருப்பார். பூ வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். பூவைப் பார்த்த சந்தோஷத்தில் மன்னித்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

ஏற்கெனவே மஞ்சள் தட்டியிருந்த இரண்டு மொட்டும் உதிர்ந்தன. ஒன்று மட்டும் நின்றது. புகையில்லாத நாலாவது நாள் அது பருக்க ஆரம்பித்ததை நானே பார்த்தேன். பச்சையாக, இறுக்கமாக, பழைய மொட்டு எதுவும் வராத அளவுக்குப் பெரிசாக வந்தது. அவர் விரல் நுனியால் தொடாமல் தொட்டுப் பார்த்தார். "இது நிக்கும்" என்றார்.

ஐந்தாவது நாள் காலையில் எழுந்து உட்கார்ந்தவர், "லைட்ட போடும்மே" என்றார். வெயில் அறைக்குள் வந்து வெகு நேரமாகியிருந்தது.

பாண்டிச்சேரிக்கு ஓடினோம். சேலத்திலிருந்து மகள் வந்தாள். ஆபரேஷன் செய்தார்கள். கட்டுப் பிரித்த அன்று டாக்டர் டார்ச்சைக் காட்டி, "வெளிச்சம் தெரியுதாப்பா?" என்று கேட்டாள். "தெரியுதும்மா" என்றார். அவர் சொன்னபோது அவள் டார்ச்சை அணைத்துவிட்டிருந்தாள். அணைத்த டார்ச்சையே மறுபடியும் ஒரு தடவை காட்டினாள், அதற்கும் தெரிகிறது என்றார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பெற்ற பெண்ணைப்போல அவள் கண் கலங்கியிருந்தது. அவளைக் குறை சொல்ல எதுவுமில்லை. மகளுக்கு அழுகை வந்து வெளியே போய்விட்டாள். நான் அவர் பக்கத்தில் நின்று, "தெரியுதுங்களா, அப்பாடா" என்று சொன்னேன்.

எட்டு நாள் கழித்துக் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பினோம். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி எதிர் வீட்டுக்காரியிடம்தான் சாவி கொடுத்திருந்தேன். சாவியைக் கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்று, "யக்கா, அந்த ஒரு மொட்டு மட்டும் அப்டியே கீதுக்கா, கொட்டவே இல்ல" என்றாள். அவர் அந்தக் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். அதிலிருந்து தினமும் எழுந்ததும் முதல் கேள்வி அதுதான்.

"இருக்குதா?"

"இருக்குதுங்க."

மூன்றாவது நாள் காலை பல் விளக்கிக்கொண்டே அந்த அறைக்குள் போனேன். பூத்திருந்தது. வெள்ளை. அகலமாக, என் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து, தொண்டையில் ஊதாவோடு ஜன்னலைப் பார்த்து நின்றது. மூன்று வருஷம் இதற்காகத்தான். அவ்வளவு அழகு. எனக்கு அதைப் பிய்த்துத் தரையில் போட்டு மிதிக்கவேண்டும்போல வந்தது. பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே அழுதேன். அதற்கு வாசனை கிடையாது. ஒரு மல்லிகையாக, ஒரு சம்பங்கியாக இருந்திருந்தால் அவருக்குத் தானாகத் தெரிந்திருக்கும். நான் சொல்லாவிட்டால் அவருக்கு எதுவும் தெரியாது.

சொல்லத்தான் நினைத்தேன். கையைப் பிடித்துக் கூட்டிவந்து, தொட்டுப் பாருங்கள் என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் அதோடு நிற்காது. இத்தனை வருஷம் பூக்காதது இப்போது எப்படிப் பூத்தது என்று கேட்பார். சாம்பிராணி நிறுத்தியதைச் சொல்லவேண்டும். போன வருஷமே நிறுத்தியிருந்தால் ஒன்பதும் பூத்திருக்கும், நான் பார்த்திருப்பேன் என்று அவர் கணக்குப் போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் திட்டமாட்டார், அதைத்தான் என்னால் தாங்க முடியாது. அவரைக் காப்பாற்ற நினைத்தேனா, என்னைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கட்டில் மறைவாக வைத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு அவர் கட்டிலுக்குப் போனேன். விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார்.

"இருக்குதா?" என்றார்.

"இல்லிங்க. உதுந்து பூட்ச்சி."

சொல்லும்போதே எனக்குக் குரல் உடைந்துவிட்டது. அவர் கையால் கட்டில் ஓரத்தைத் தடவித் தடவி என் கையைத் தேடிப் பிடித்தார்.

"அழுவாதம்மே. கொட்டினதே நல்லதாப் போச்சி. அது பூத்து, நான் பாக்காம இருந்தன்னு வெச்சிக்க, தாங்கியிருக்க மாட்டேன்."